சுரங்கப்பாதைக்கு ஒரு கரிகிரிச் சுவர்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரத்துச் சுரங்க ரயிலில் 100 நிலையங்கள். அவற்றில் 90க்கும் மேற்பட்டவற்றில் ஓவியமோ சிற்பமோ உண்டு. டிக்கெட் வாங்கிய எவரும் பார்க்கலாம். அவற்றுள் டி-சென்ட்ராலன் என்னும் நடு நிலையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே நீலத் தடத்தின் நடைமேடையில், குடைந்த பாறையைச் சுவர் எழுப்பி மறைக்கவில்லை. அதன் மேடுபள்ளத்தை அப்படியே விட்டு, மேலே சிமெண்ட் கலவையைத் தெளித்தார்கள். 1975இல் பெர் ஒலோஃப் உல்த்வெத் என்ற ஓவியர் அதன்மீது நீலக் கொடிகளையும் இலைகளையும் படரவிட்டார். ரயில் மாற ஓடும் கூட்டத்தின் மனம் கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் நீலத்தைத் தேர்ந்தார். சற்றுத் தள்ளி அண்ணாந்து பார்த்தால், அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்கள், வேலை செய்யும் கோலத்திலேயே! நம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களைச் செதுக்கியவர்களின் முகம் நமக்குத் தெரியாது. அந்த ஏக்கத்தோடு பார்க்கும்போது, உழைத்தவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தோன்றவில்லை.

வேலூருக்கு மெட்ரோ ஏது என்பீர்கள். தண்டவாளத்துக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதைகள் நம் வட ஆற்காட்டுப் பக்கமும் உண்டே! மழைநீர் தேங்கி, சுவரெங்கும் நோட்டீஸ் ஒட்டிக் கிடக்கும் அந்த வழியாகத்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அந்தச் சுவர்களுக்கும் கலை வேண்டும். அதற்காக அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்துவிடக் கூடாது. ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டு அருகே, ஆர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருக்கின்றன. எஞ்சியவை கொஞ்சமே. மலைக்குகைக்கே அந்தக் கதி என்றால், நீர் கசியும் கான்கிரீட்டில் பெயிண்ட் எத்தனை மழைக்காலம் தாங்கும்? போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் 1959இல் சுரங்க ரயில் தொடங்கியபோது, மரியா கெய்ல் என்ற ஓவியர் நிலையச் சுவர்களுக்கு டைல்ஸ் வடிவமைத்தார். பளபளப்புப் பூச்சு ஏறிய மண் ஈரத்துக்கு அஞ்சாது, கழுவிவிட்டால் போதும்.

அந்த வித்தை நமக்கு அயலானது அன்று. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி இருக்கிறது. நீலமும் பச்சையும் பழுப்புமாகப் பூச்சிட்ட மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அந்தக் கைவினைஞர்களை டெண்டர் எழுதும் நாளிலேயே அழைக்க வேண்டும். கட்டி முடித்து, மிச்சப் பணத்தில், விளம்பரப் பலகைகளுக்கு நடுவே ஒரு படம் மாட்டுவதை நான் கலை என்று ஏற்க மாட்டேன். அடுத்த சுரங்கப்பாதையின் மதிப்பீட்டில் சுவர்க் கலைக்கென்று தனித்தொகை ஒதுக்குமாறு ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.