யார்மத் போய்விட்டு வந்தேன், அந்தக் கயிறு மட்டும் வீடியோவில் இல்லை

வணக்கம் மக்களே! முகம் கறுத்துப்போயிருக்கிறது என்று கமெண்டில் எழுத வேண்டாம், எனக்கே தெரியும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் யாட் கிளப் கூட்டத்தோடு, இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கும் ஹாம்பிள் ஆற்றிலிருந்து வைட் தீவின் யார்மத் வரை பாய்மரப் படகில் போய்விட்டு வந்தேன். என் படகு இல்லை. வழக்கம்போல ஒட்டிக்கொண்டு போகிற ஆள்தான்.

முதலில் கயிறு. மற்றதெல்லாம் அப்புறம்.

யார்மத் துறை சின்னது. கூட்டம் அதிகமானால் படகோடு படகைச் சேர்த்துக் கட்டுவார்கள். நாங்கள் மூன்றாவது படகு. காற்று எங்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. படகை நடத்தும் ஸ்கிப்பர் "இப்போ!" என்றார். கயிற்றைப் பாதிப் பாதியாக இரண்டு கையிலும் சுருட்டி, கையை விரித்து வீசினேன். வளையம் அகலமாக விரிந்து, பக்கத்துப் படகில் கயிறு கட்டும் கிளீட்டின் இரண்டு கொம்பையும் சேர்த்துச் சுற்றி விழுந்தது. முதல் வீச்சிலேயே! அந்தப் படகுக்காரர் கையிலிருந்த டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை, உதவி தேவைப்பட்டால்தானே வைப்பார்? கேமரா அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியுமா? ஒரு கடற்காகத்தை. கயிறு விழும் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கிறது. அதை இப்போது மூன்று தடவை போடுகிறேன், கேளுங்கள்.

கேட்டீர்களா? சரி.

அய்யோ, கிளம்பிய கதையையே சொல்லவில்லை. தீவுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் சொலென்ட் கடலில் காற்றைவிட நீரோட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பக்கத்துத் துறைமுகமான போர்ட்ஸ்மத்தில் தண்ணீர் உச்சத்துக்கு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இங்கே மேற்குப் பக்கமாக ஓட ஆரம்பித்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் யார்மத் பக்கம், விட்டால் கரையிலிருக்கும் ஒரே மரத்தை மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாங்கள் பிடித்தோம். ஆனால் காற்று தென்மேற்கு, நேர் எதிரே. தண்ணீர் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம் என்றால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். குமட்டலுக்கு இஞ்சி பிஸ்கட் சாப்பிடச் சொன்னீர்களே, சாப்பிட்டேன். தங்கவில்லை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குக் கப்பல்கள் திரும்பும் கால்ஷாட் பக்கம் ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல். 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் அந்தத் திருப்பத்தில் வந்தால், அதற்கு முன்னால் 1,000 மீட்டரும் இரு பக்கமும் 100 மீட்டரும் நாம் போகவே கூடாது. முன்னால் ஒரு காவல் படகு வந்து நம்மை ஓரம் கட்டும். அங்கே பிராம்பிள் என்று ஒரு மணல்திட்டு தண்ணீருக்குள் ஒளிந்திருக்கிறது. 2008இல் க்யூஇ2 என்ற பிரம்மாண்டமான பயணிகள் கப்பலே அதில் தட்டி நின்றது. தண்ணீர் மிகவும் வற்றும் ஒரு நாளில் வருடா வருடம் அதன் மேல் கிரிக்கெட் ஆடுகிறார்கள், நிஜமாக! கரையில் ஃபாலி மின் நிலையத்தின் 198 மீட்டர் புகைபோக்கியை 2021இல் இடித்துவிட்டார்கள். எங்கள் ஸ்கிப்பர் இன்னும் "புகைபோக்கிக்கு நேரா பிடி" என்கிறார். இல்லாததற்கு நேராக எப்படிப் பிடிப்பது?

யார்மத்தில் எட்டாம் ஹென்றியின் கோட்டை, 1876இல் திறந்த, கடலுக்குள் நீளும் மரப்பாலம், எல்லாம் தனி வீடியோவில். இப்போது நண்டு. ஒரு கடையில் நண்டு சாண்ட்விச் 14 பவுண்டு. பதினாலு! திறந்து பார்த்தேன்: இரண்டு ஸ்பூன் நண்டு, மிச்சம் மயோனைஸ், மேலே அலங்காரத்துக்கு ஒரு கீரைத் தண்டு. தூத்துக்குடிக்காரியிடம் இந்த வேலையா? கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

சாயங்காலம் மிதக்கும் நடைமேடையிலேயே விருந்து. ஆளுக்கு ஒரு பதார்த்தம். நான் வடை சுடுகிறேன் என்றேன், ஆடுகிற படகில் கொதிக்கிற எண்ணெயா என்று எல்லோரும் அலறினார்கள். அதனால் வீட்டிலிருந்தே கொண்டைக்கடலைச் சுண்டல். மாங்காய் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தேன். டப்பா காலியாகும்வரை ஒரு பாட்டி பக்கத்திலிருந்து நகரவே இல்லை. இதற்காகத்தான் எனக்கு இப்படி நிதானமாக ஊர் சுற்றும் க்ரூஸ் பிடிக்கும். ரேஸ் கூட்டம் இருக்கிறதே, ஒரே கத்தல், யாரும் யாருக்கும் சாப்பாடு கொடுப்பதில்லை.

ராத்திரி கரையிலிருக்கும் கழிப்பறைக்குப் போக அடுத்தவர்களின் இரண்டு படகைத் தாண்ட வேண்டும். முன்தளம் வழியாகத்தான் போக வேண்டும், அவர்கள் உட்காரும் பின்பக்கம் கால் வைக்கக் கூடாது. கீழே குறட்டை விடுகிறவரின் தலைக்கு மேலேதான் நடக்கிறோம். இருட்டில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மழைத்தூறலில்.

ஞாயிறு திரும்பும்போது அதே தென்மேற்குக் காற்று முதுகில், ஓட்டமும் கிழக்கே. சொர்க்கம்! சொல்ல ஒன்றுமே இல்லை, தூங்கினேன்.

படகு இல்லாதவர்கள் எப்படிச் சேர்வது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பல கிளப்களில் க்ரூ பட்டியல், அதாவது படகில் வேலை செய்ய வருகிறவர்களின் பட்டியல் இருக்கும், பெயர் கொடுங்கள். கூடவே பிரிட்டனின் படகோட்டிகள் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் காம்பிடன்ட் க்ரூ கோர்ஸ், 5 நாள். பரீட்சை எழுத வேண்டாம். வாந்தி எடுத்துக்கொண்டே முடித்தாலும் சான்றிதழ் உண்டு, என்னிடம் இருக்கிறதே.