விதை யாருடையது?

அவைத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, பத்தமடையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பாய் நெய்யும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நூலகர் ஐயாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். போன மாதம் மழையில் கூட்டம் தள்ளிப்போனபோதும், பாளையங்கோட்டையில் இதைப் பேசியே ஆக வேண்டும் என்று நின்றவர் அவர்.

கம்ப்யூட்டர் தானாகப் படம் வரையுமா? ஓவியர், எந்திரம், கோலம் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

ஹெரால்டு கோஹன் இங்கிலாந்தில் பேர் பெற்ற ஓவியர். 1968-ல் கலிஃபோர்னியா போய், அங்கே புரோகிராம் எழுதக் கற்றார். அவர் எழுதிய ‘ஆரன்’, 2016-ல் அவர் காலமாகும் வரை நாற்பது வருஷத்துக்கு மேல் வரைந்தது. அடுத்த கோடு எங்கே என்று ஆரனே முடிவு செய்யும். ஆனால் கோடு எப்படி வளையலாம், உருவம் எங்கே மூடலாம் என்ற விதிகள் அவர் போட்டவை. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

எந்திரம் சீட்டுக் குலுக்குவதுபோல எண்களை எடுக்கும். அதைத் தொடங்கிவைக்கும் எண்ணுக்குப் பெயரே ‘சீடு’, அதாவது விதை! அதே விதையைக் கொடுத்தால் அதே படம்தான், ஒரு கோடு மாறாது.

கோலத்துக்கு வருகிறேன். 1974-லேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற சென்னை ஆராய்ச்சியாளர்கள் மூவரும் கோலத்தைக் கணித இலக்கணமாக, அதாவது விதிகளாக, எழுதிவிட்டார்கள். போன மார்கழியில் என் பேத்தியும் சிக்குக் கோலத்துக்கு ஒரு புரோகிராம் எழுதினாள். நாற்பது கோலம் அச்சடித்து, ஊஞ்சல் பலகையில் பரப்பி, “தாத்தா, இதெல்லாம் கம்ப்யூட்டரே யோசிச்சது” என்றாள். கோலப்பொடி ஒட்டிய விரலோடு அவள் ஆச்சி வந்தாள். ஒரு தாளில் விரலை வைத்தாள். புள்ளியைச் சுற்றிச் சுற்றிப் போன விரல், பாதிக் கோலத்திலேயே புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது. மறுபடி சுற்றினாள். அப்படியே. “ஏட்டி, ஒத்த இழைன்னு சொன்ன. இது ரெண்டு இழையால்ல கெடக்கு!” பேத்தி ஓடிப்போய்ப் பார்த்தாள். கோடு முழுவதும் ஒரே இழையாக மூட வேண்டும் என்ற விதியை அவள் எழுதவே இல்லை. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

அந்தத் தாளின் மூலையில் பேத்தி தன் பேரைப் போட்டிருந்தாள். ஆரன் வரைந்த படங்களிலும் கோஹன் கையெழுத்து உண்டு. சரி, பத்தமடைப் பாயில்? கோரையை ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து, வாரக்கணக்கில் நெய்தவரின் பேர் எங்கே? புவிசார் குறியீடு ஊருக்குக் கிடைத்தது. நெய்த கைக்குப் பேர் கிடைக்கவில்லை. எந்திரத்துக்குச் சுதந்திரம் உண்டா என்று உலகமே கேட்கட்டும், இந்தத் தாய்மாரின் பேரை முதலில் பாயின் ஓரத்தில் நெய்வோம். அதற்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.