தகடூர் யாத்திரை எங்கே போனது?

[காட்சி: தருமபுரி அரசு அருங்காட்சியகம். வரிசையாக நடுகற்கள்.]

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமானின் ஊர். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை இந்த ஊர்மேல் படையெடுத்து வந்ததைச் சொல்ல ஒரு தனி நூலே இருந்தது: தகடூர் யாத்திரை. இன்று எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது. நூலே தொலைந்துவிட்டது. புறத்திரட்டு என்ற பழைய தொகுப்பு நூலிலும் பழைய உரைகளிலும் எடுத்தாண்ட சில பாடல்கள்தான் மிச்சம்.

ஓலை செல்லரித்துப் போவதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் படியெடுக்க வேண்டும். ஒரு தலைமுறை சும்மா இருந்தால் போச்சு. (இதோ, இந்த நடுகல்லுக்கு ஒரே படிதான். கல்லாக இருந்ததால் தப்பித்தது.)

இப்போது ஒரு ஃபைலை நொடியில் ஆயிரம் படி எடுக்கலாம். அப்படியென்றால் இனி எந்தப் புத்தகமும் தொலையாதா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

[காட்சி: கீறல் விழுந்த சிடி. கணினித் திரையில் புரியாத எழுத்துகள்.]

அரூரில் வாத்தியாராக இருந்த என் மாமா 2003-ல் சொந்தக் காசில் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார். வீட்டில் மிஞ்சியது ஒரே பிரதி, அதிலும் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. சரி, அச்சகத்தில் கொடுத்த சிடி இருக்கிறதே என்று பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள்) ஃபைலைப் பாடுபட்டுத் திறந்தால், கவிதை இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் டாலர் குறியும்!

ஃபைல் கெடவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துக்கான இடங்களில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தன, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று ஒழுங்குபடுத்த, 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. 2010-ல், உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யுனிகோடை ஏற்றது. அதற்கு முன் தட்டச்சு செய்த ஏராளமான தமிழ் நூல்கள் இப்படித்தான் பழைய ஃபான்ட்களுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. மாற்றித் தரும் மென்பொருள் உண்டு. ஆனால் பழைய ஃபான்டில் முதலில் கொம்பு, அப்புறம் ‘க’. யுனிகோடில் ‘க’தான் முதலில். இந்த வரிசை பிசகினால் ‘கெ’ என்ற எழுத்தே இரண்டாக உடையும். மாமாவும் நானும் வரி வரியாகச் சரிபார்த்தோம். படியெடுப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

[காட்சி: கையில் ஒரு மின்னூல் கருவி.]

காசு கொடுத்து வாங்கும் மின்னூலாவது பத்திரமா? பல கடைகளில் நாம் வாங்குவது படிக்கும் அனுமதி மட்டும்தான். 2009-ல் அமேசான், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, விற்ற நூல்களையே வாசகர்களின் கிண்டிலிலிருந்து அழித்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போய்விட்டன. படியெடுக்கத் தடை போடும் பூட்டில்லாத ஃபைல் வேறு கதை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது; அதன் நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

[காட்சி: சிறிய டிஜிட்டல் அச்சு இயந்திரம்.]

அச்சும் மாறிவிட்டது. ஆஃப்செட்டில் பிளேட் போட்டு, மை ஓட்டம் சரிசெய்து, தாள் வீணாக்கித்தான் முதல் நல்ல பிரதி வரும். அந்தச் செலவைப் பங்குபோடவே 1000 பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்கினார்கள். பிஓடி (பிரிண்ட் ஆன் டிமாண்ட்), அதாவது தேவைக்கேற்ப அச்சடிக்கும் முறையில் பிளேட் கிடையாது. ஒரு பிரதிக்கு விலை கூடுதல்தான், ஆனால் 30 வேண்டுமென்றால் 30 அடிக்கலாம்.

மாமாவின் திருத்திய பதிப்புக்கு அதே 30 அடித்தோம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சில் வரும் நூலை 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என்று நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும்.

“அப்ப அனுப்புனீங்களா மாமா?”

“அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்?”

[காட்சி: அஞ்சலக மேசையில் நான்கு பார்சல்.]

இந்த முறை நான்கையும் அனுப்பிவிட்டோம். கன்னிமாரா முகவரியை மட்டும் மாமா தன் கையாலேயே எழுதினார்.