ஓவியத்தின் முன் கால் மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

அஜந்தாவின் முதலாம் குகைக்குள் காலெடுத்து வைக்கிற யாருக்கும் முதலில் தெரிவது இருட்டுதான். வெளியே பாறை முற்றத்தில் வெயில் பளீரென்று அடிக்கும். உள்ளே வந்ததும் தூண் எங்கே, சுவர் எங்கே என்று புரியாது. கண் இருட்டுக்குப் பழக ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். ஓவியங்கள் நிறைந்த குகைகளில் ஒரு நேரத்தில் 40 பேர், அவர்களுக்கும் 15 நிமிடம் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, கண் தெளிவதற்குள் பாதி நேரம் ஓடிவிடும். "இவ்வளவு தூரம் வந்தும் நின்று பார்க்க விடமாட்டேன் என்கிறார்களே" என்று முணுமுணுக்காமல் வெளியே வருகிறவர்கள் குறைவு. அந்த நாற்பதுக்கும் பதினைந்துக்கும் என்ன காரணம் என்று பார்ப்போம். வானொலியில் ஓவியத்தைக் காட்ட வழியில்லை. ஆனால் ஓவியத்தைக் கெடுப்பதும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் என்பதால் பெரிய குறை ஒன்றும் இல்லை.

முதலில் அந்தச் சுவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அஜந்தா மலை, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறை. உளி கொத்திய அந்தச் சொரசொரப்பின்மேல் முதலில் முரட்டு மண்பூச்சு. களிமண், மணல், நெல் உமி, செடிகொடிகளின் நார் எல்லாம் கலந்தது. அதன்மேல் சலித்த மண்ணால் மெல்லிய பூச்சு. அதற்கும் மேலே சுண்ணாம்பு வெள்ளை. அது காய்ந்த பிறகுதான் வண்ணம் தீட்டினார்கள். காவிக்கல், மஞ்சள் மண், பச்சை மண், விளக்குக் கரி, நீலத்துக்கு லாபிஸ் லசூலி கல். இந்தப் பொடிகளைச் சுவரில் பிடித்து நிறுத்தியிருப்பது பசை. தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள சோழர் ஓவியம் வேறு சாதி. அங்கே ஈரச் சுண்ணாம்பின் மேலேயே வண்ணத்தை வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகும்போது வண்ணமும் அதோடு சேர்ந்து கல்லாகிவிடும். அஜந்தாவில் அப்படி இல்லை. மண் சுவரின்மேல், பசையின் தயவில், ஒரு தாள் கனம்கூட இல்லாத வண்ணம் 1,500 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. மண் சுவர் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஈரம் என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது நாற்பது பேர் உள்ளே போகிறார்கள். சும்மா நிற்கிற ஒரு மனிதரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடும். 40 பேர் என்றால் 4,000 வாட். நான்கு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி உள்ளே வைத்தது போல. மூச்சிலும் தோலிலுமாக ஒருவர் மணிக்குச் சுமார் 50 கிராம் நீரை ஆவியாக விடுகிறார். படியேறி மூச்சு வாங்க வந்தவர் இன்னும் கூடுதலாக. 40 பேர் இடைவிடாமல் மாறி மாறி எட்டு மணி நேரம் வந்துபோனால் 16 லிட்டர். ஒரு குடம் தண்ணீர். யாரும் சுவரில் ஊற்றவில்லை, ஆனால் தினம் ஒரு குடம் உள்ளே வந்திருக்கிறது. மழைக்காலத்தில் நனைந்த துணியோடும் சொட்டுகிற குடையோடும் வந்தால் அந்தக் கணக்கே வேறு. அருவி விழுவதைப் பார்க்கலாம் என்று பலரும் தேர்ந்தெடுக்கிற ஜூலை, ஆகஸ்டு மாதங்கள்தான் அஜந்தாவின் சுவர்களுக்கு மிகக் கடினமான மாதங்கள். பாறை வெடிப்புகளில் மழைநீரும் அப்போதுதான் கசியும்.

அந்த ஈரம் என்ன செய்யும்? நம் வீட்டுச் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். மண்பூச்சிலும் பாறையிலும் உப்புகள் இருக்கின்றன. கூட்டம் வந்து காற்று ஈரமானால் உப்பு கரையும். கூட்டம் போய்க் காற்று காய்ந்தால் மறுபடி படிகமாகும். படிகம் உண்டாகும்போது இடம் கேட்கும், வண்ணத்தைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். ஒரு முறை முட்டினால் ஒன்றும் ஆகாது. காலை, மதியம், மாலை என்று நூறு ஆண்டு முட்டினால் வண்ணம் செதில் செதிலாக எழும்பும். ஈரம் எவ்வளவு என்பதைவிட, ஏறி இறங்கி ஏறுவதுதான் பெரிய கேடு. பசை ஈரத்தில் ஊறுவதும் காயும்போது சுருங்குவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். 15 நிமிடக் கெடு இந்த ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தத்தான்.

பூச்சிகளின் வேலையும் உண்டு. எல்லோரா குகைகளின் மண்பூச்சில் பூச்சியை அண்டவிடாத கஞ்சாச் செடியின் நார் கலந்திருப்பதாக 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. அஜந்தாவின் பூச்சில் அது இல்லை, பூச்சி அரிப்பும் அங்கே அதிகம். உமியும் நாரும் பூச்சிக்குத் தீனி. இந்த ஒரு விஷயத்தில் பயணிகள் மேல் பழி போட முடியாது.

நம்மவர்கள்மேல் பழி விழ வேண்டிய இடம் தூசி. துணியிலிருந்து உதிரும் நார்த்துகள், காலில் ஒட்டிய மண், தலைமுடித் துகள் எல்லாம் சுவரில் போய்ப் படியும். ஈரத்தோடு சேர்ந்தால் பூஞ்சைக்கு அதுவே பாத்தி. செருப்பை வெளியே கழற்றச் சொல்வது பக்திக்காக என்று நினைக்கிறோம், அது தூசிக்காகவும்தான். வண்டிப் புகையைத் தள்ளி வைக்கத் தனியார் வாகனங்களை 4 கிலோமீட்டர் முன்னால், பர்தாபூர் சந்திப்பிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து பேருந்து.

அதற்காக, கூட்டம் மட்டும்தான் அஜந்தாவைக் கெடுத்தது என்று சொன்னால் அது அநியாயம். ஆசையோடு வந்தவர்கள் செய்தது குறைவில்லை. 1819இல் புலிவேட்டைக்கு வந்து குகைகளைக் கண்ட ஜான் ஸ்மித் என்ற ஆங்கில அதிகாரி, 10ஆம் குகை ஓவியத்தின்மேல் தன் பெயரைக் கீறிவிட்டுத்தான் போனார். அஜந்தாவின் முதல் நவீன சுற்றுலாப் பயணி அவர் என்றால், முதல் கிறுக்கலும் அதே நாளில் பிறந்துவிட்டது. அடுத்து நகல் எடுக்க வந்த ஓவியர்கள். மங்கலாகத் தெரிகிற இடத்தில் வார்னிஷ் அடித்தால் வண்ணம் துலங்கும் என்று அடித்தார்கள். துலங்கவும் செய்தது, கொஞ்ச நாள். 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்தது. உதிரும் பூச்சை ஒட்டவைத்தார்கள். அதற்காக அவர்களை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் மேலே பூசிய அரக்கு, காலப்போக்கில் பழுப்பேறியது. நீலம் பச்சையாகத் தெரிந்தது, வெள்ளை தேன் நிறமாகியது. சுருங்கிய அரக்கு தன்னோடு வண்ணத்தையும் பிடித்து இழுத்தது.

அதை எடுக்கிற வேலை எப்படி நடக்கும் தெரியுமா? முதலில் செதிலாக எழும்பிய ஓரங்களுக்குள் ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக ஒட்டுமருந்து விட்டு, மெல்லிய தாளை வைத்து அழுத்திப் படியவைக்க வேண்டும். அது இறுகாமல் சுத்தம் செய்யத் தொடங்கினால், அழுக்கோடு ஓவியமே பஞ்சில் வந்துவிடும். பிறகு யார் கண்ணிலும் படாத மூலையில், நாணயம் அளவு இடத்தில் கரைப்பான் சோதனை. எந்தக் கலவை அரக்கைக் கரைக்கிறது, வண்ணத்தை விடுகிறது என்று பார்ப்பார்கள். அதன்பின் குச்சியில் சுற்றிய பஞ்சைக் கரைப்பானில் தோய்த்து, சுவரில் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சு பழுப்பானதும் எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு. சிவப்போ நீலமோ பஞ்சில் ஏறிவிட்டால் அங்கேயே நிறுத்தம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முழுநாள் ஆகலாம். இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பத்தாண்டுக் கணக்கில் இதைச் செய்துவருகிறார்கள். பயணிகள் சாரத்தைப் பார்த்து "இன்னும் முடியவில்லையா" என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

அப்படியானால் பேசாமல் மூடிவிட்டால் என்ன? பிரான்சில் மூடினார்கள். ஆதிமனிதர் ஓவியங்கள் நிறைந்த லாஸ்கோ குகையை 1940இல் கண்டுபிடித்து 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். 1955 வாக்கில் நாளுக்கு 1,200 பேர். சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது, மூச்சின் கரியமில வாயுவால் சுண்ணப் படிவம் வெள்ளையாகப் பூத்தது. 1963இல் கதவைச் சாத்தினார்கள். கதை அதோடு முடியவில்லை. காற்றைச் சீராக்கும் இயந்திரத்தைப் புதிதாக மாற்றிய கையோடு, 2001இல் வெள்ளைப் பூஞ்சை பிடித்தது. மருந்து அடித்தார்கள், சுண்ணாம்பு கொட்டினார்கள், பிற்பாடு கறுப்புப் புள்ளிகள் வந்தன. ஆள் போகாத குகையிலேயே இவ்வளவு. ஒருமுறை குலைந்த காற்றின் நிதானத்தைப் பூட்டுப் போட்டு மீட்க முடியாது என்று அது சொல்லிக்கொடுத்தது.

ஆனால் இன்னொன்றை அவர்கள் உருப்படியாகச் செய்தார்கள். 1983இல் அச்சு அசலான நகல் குகை ஒன்றைத் திறந்தார்கள். அதுவும் அதே குன்றில் இருந்ததால் கூட்டமும் வண்டிகளும் குன்றை விடவில்லை. 2016 இறுதியில் குன்றின் அடிவாரத்தில் இன்னொரு நகலைத் திறந்தார்கள். நம் அஜந்தாவிலும் 1, 2, 16, 17 ஆகிய நான்கு குகைகளின் நகல்களோடு பார்வையாளர் மையம் கட்டினார்கள். பிறகு மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் பாக்கி விழுந்து அது மூடப்பட்டது. நகல் என்றாலே "டூப்ளிகேட்" என்று உதட்டைப் பிதுக்குகிற பழக்கம் நமக்கு. நல்ல வெளிச்சத்தில், நேரக் கெடு இல்லாமல், குழந்தைக்கு விரல் நீட்டிக் கதை சொல்ல நகலைவிட வசதியான இடம் கிடையாது.

ஃபிளாஷ் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். காவியும் பச்சை மண்ணும் லாபிஸும் மண்ணிலும் கல்லிலும் பிறந்தவை. சாயத் துணியைப் போல வெளிச்சத்தில் சட்டென்று வெளுக்காது. ஃபிளாஷின் நொடிப்பொழுது ஒளியால் வருகிற கேட்டை நாம் கொஞ்சம் மிகையாகவே பேசுகிறோம் என்பது என் எண்ணம். படம் எடுப்பதால் வருகிற பெரிய கேடு வேறு. நல்ல கோணம் தேடிப் பின்னால் நகர்கிறவரின் முதுகுப்பை எதிர்ச்சுவரில் உரசும். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நிற்கும் நேரம் இரட்டிப்பாகும். ஃபிளாஷுக்குத் தடை போட்டால் இந்தக் கூத்து பாதியாவது குறையும். ஆகவே தடை நியாயம்தான், காரணம் மட்டும் நாம் நினைப்பதில்லை.

நம் ஊருக்கு வருவோம். புதுக்கோட்டை சித்தன்னவாசலில் ஓவியங்கள் உள்ள சமணக் குகைக்கோயிலான அறிவர் கோயில், அஜந்தாவின் மண்டபங்களோடு ஒப்பிட்டால் ஒரு சின்ன அறை. கருவறை ஏறக்குறைய ஒன்பதரை அடிச் சதுரம், ஏழரை அடி உயரம். உள்ளிருக்கும் காற்று சுமார் 19 கன மீட்டர். 28 டிகிரி வெப்பத்தில் அவ்வளவு காற்று அரை லிட்டருக்குச் சற்று மேல் நீராவியைத் தாங்கும். பத்துப் பேர் கால் மணி நேரம் நின்றால் 125 கிராம் விடுவார்கள். காற்று நகராவிட்டால் ஈரப்பதம் கிட்டத்தட்ட கால் பங்கு எகிறும். வாசல் திறந்திருப்பதால் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், அஜந்தாவில் நாற்பது பேர் செய்வதை இங்கே பத்துப் பேர் செய்துவிட முடியும். பள்ளிச் சுற்றுலாவில் இரண்டு பேருந்துப் பிள்ளைகளை ஒரே மூச்சில் உள்ளே அனுப்புகிற ஆசிரியர்கள் இதை மனதில் வைத்தால் நல்லது. எட்டெட்டுப் பேராக அனுப்பி, இடையில் ஐந்து நிமிடம் விடலாம். மற்ற பிள்ளைகளுக்கு அதற்குள் மலைமேல் ஏழடிப்பட்டம் என்ற குகையின் கற்படுக்கைகளைக் காட்டலாம். 1942 வாக்கில் இந்த ஓவியங்களைச் சுத்தம் செய்தவர்களில் ஒருவர் எஸ். பரமசிவன், சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர். தஞ்சை, அஜந்தா ஓவியங்களின் பூச்சையும் ஆராய்ந்தவர். தமிழ்நாட்டில் அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும்.

தஞ்சையில் சோழர் ஓவியம் உள்ள உள்சுற்று பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. குறுகலான இருட்டு நடை அது. ஒருவருக்கு எதிரே ஒருவர் வந்தால் தோள் சுவரில் படாமல் ஒதுங்குவது கஷ்டம். கோயில் வளாகத்தில் படங்களாக வைத்திருக்கிறார்கள், அவற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, அஜந்தா போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை விடுமுறை. மழை கொட்டுகிற வாரத்தைத் தவிர்த்து, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் 1ஆம் குகையில்தான் தொடங்குவார்கள், வரிசையும் அங்கேதான். நீங்கள் நேரே மறுகோடிக்கு நடந்துவிடுங்கள். 26ஆம் குகையில் சாய்ந்து படுத்திருக்கும் புத்தர் கற்சிற்பம், உங்கள் மூச்சு அவரை ஒன்றும் செய்யாது. அங்கிருந்து 17, 16 என்று திரும்பி வந்து, 2, 1 இரண்டையும் கடைசிக்கு வையுங்கள். முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குடையை வெளியே விட்டுவிடுங்கள்.

1ஆம் குகைக்கு உங்கள் முறை வருவதற்குமுன், தாழ்வார நிழலில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி நில்லுங்கள். கைப்பேசியை எடுக்காதீர்கள், பழகிய கண் அந்த வெளிச்சத்தில் மறுபடி கெட்டுவிடும். உள்ளே போனதும் கூட்டம் பின்சுவருக்கு ஓடும். அவர்களை விட்டுவிட்டு, நான்கு மான் உடல்களுக்கு ஒரே தலை வைத்துச் செதுக்கிய தூணைத் தேடுங்கள். அதைக் கண்டுபிடிப்பதற்குள் கண் முழுக்கத் தெளிந்திருக்கும். பிறகு பின்சுவரில் நடுவாசலுக்கு இடப்பக்கம் திரும்பினால், பத்மபாணி என்ற போதிசத்துவரின் கையில் உள்ள நீலத் தாமரை தெரியும். அதற்கு இன்னும் பத்து நிமிடம் உங்கள் கையில் இருக்கும்.

வணக்கம்.