வேர்ட் கோப்பில் எழுதி, பெரிய அகப்பக்கத்தை நடத்துவது எப்படி?

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ பாசாரில் ஒரு கடையின் மாடியிலிருந்து பேசுகிறேன். கீழே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒலிவாங்கி அதையும் சேர்த்துப் பிடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மொழிகளில் பல நூறு பக்கங்கள் உள்ள ஓர் அகப்பக்கத்தை வெறும் வேர்ட் கோப்புகளைக் கொண்டே எப்படி நடத்துகிறோம் என்பதை இன்று திரையில் காட்டுகிறேன்.

எங்களுக்கு அதிகம் எழுதித் தருபவர் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். எனக்கு அவர் என்றும் டீச்சர்தான். அவர் வேர்டில் எழுதிப் புலனத்தில் அனுப்புவார். நான் அகப்பக்கத்தின் பழைய உள்ளடக்க மேலாண்மை அமைப்பைத் திறந்து, தலைப்பை ஒரு பெட்டியிலும் சுருக்கத்தை இன்னொரு பெட்டியிலும் படத்தை வேறொரு பெட்டியிலுமாகப் பிரித்து ஒட்டுவேன். ஒரு தைப்பூசத்தின்போது, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் சாலையை மூடும் நேரத்தில் ‘மாலை’ என்பதைக் ‘காலை’ என்று நானே தட்டிவிட்டேன். டீச்சர் உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தது, நானோ பட்டர்வொர்த் ஃபெரியில் இருந்தேன். பிழையைக் கண்டவர் கையில் பேனா இல்லை.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது, வேர்ட் கோப்பையே அகப்பக்கமாக மாற்றித் தரும் அடோபியின் எட்ஜ் டெலிவரி சர்வீசஸ் என்ற சேவை. முன்பு ஹீலிக்ஸ் என்றும் பிறகு ஃபிராங்க்ளின் என்றும் அழைக்கப்பட்டதும் இதுதான். கோப்புகள் இணையச் சேமிப்பிடங்களான ஷேர்பாயின்டிலோ கூகுள் டிரைவிலோ இருக்கும். நிரல் மட்டும், நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் இருக்கும்.

திரையைப் பாருங்கள், இது டீச்சரின் கோப்பு. மேலே வேர்டின் முதல்நிலைத் தலைப்பு, அதன் கீழே பத்திகள். தனி வரியில் மூன்று சிறுகோடுகள் இட்டால் அங்கே ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இந்த அட்டவணையைச் சற்றுப் பெரிதாக்குகிறேன்: முதல் வரிசையில் ‘கார்ட்ஸ்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரே சொல்; அதற்குக் கீழுள்ள ஒவ்வொரு வரிசையிலும் இடப்பக்கம் படம், வலப்பக்கம் இரண்டு வரி. அகப்பக்கத்தில் இது அழகான அட்டைகளாக விரிவதற்குக் காரணம், கிட்ஹப்பில் அதே பெயரில் உள்ள கோப்புறையில் அட்டைகளை இயக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் தோற்றத்தை வகுக்கும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பும் காத்திருப்பதுதான். அட்டவணையின் முதல் வரிசையே எழுதுபவருக்கும் நிரலாளருக்கும் இடையிலான ஒப்பந்தம். அந்தச் சொல்லில் ஓர் எழுத்து தவறினாலும் அட்டைகள் வராமல், படமும் எழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். முதல் வாரத்தில் டீச்சர் இதற்காக என்னை நான்கு முறை அழைத்தார்.

தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பின் பெயரே பக்கத்தின் முகவரியாவதால், அதில் ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டுமே நிற்கும். தமிழில் பெயரிட்டால் முகவரி அமையாது. உள்ளே எவ்வளவு தமிழ் எழுதினாலும் தடையில்லை.

எழுதி முடித்ததும் உலாவியின் ஓரத்தில் இருக்கும் சைட்கிக் என்ற நீட்சியில் முதலில் முன்னோட்டத்தையும் பிறகு வெளியிடு என்பதையும் அழுத்த வேண்டும். அழுத்தாதவரை கோப்பில் என்ன மாற்றினாலும் வாசகர் காண்பது பழைய பக்கத்தைத்தான். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது; எனக்கோ, நள்ளிரவில் அரைகுறையாகத் திருத்திவிட்டுத் தூங்கப்போக முடிவது பெரிய நிம்மதி.

இனி வேகம். வேர்டில் எழுதுவதால் மட்டும் பக்கம் வேகமாகிவிடாது. இங்கே பக்கம் மூன்று கட்டமாக ஏறுகிறது. திரையில் முதலில் தெரிய வேண்டிய பெரிய படம் அல்லது தலைப்புக்குத் தேவையானவை முதலில் வரும். அதுவரை இறங்கும் அனைத்தும் சேர்ந்து 100 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. மேற்பட்டை, அடிப்பட்டை, கீழே உள்ள அட்டைகள் ஆகியவை அடுத்த கட்டம். வருகையாளர் கணக்கு, அரட்டைப் பெட்டி போன்ற பிறர் தரும் நிரல்கள் இன்னும் மூன்று வினாடியாவது பொறுத்துத்தான் உள்ளே வரலாம். அந்தப் பெரிய படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். திருவிழா நெரிசலில், தள்ளாடும் இணைப்பில் கைப்பேசியைத் தட்டுபவருக்கு அதுவே நெடுநேரம்.

எங்களை இதில் அதிகம் படுத்தியது தமிழ் எழுத்துருதான். அலங்கார எழுத்துருவை முதல் கட்டத்திலேயே ஏற்றியபோது பக்கம் தாமதமானது. பிந்தி ஏற்றினாலோ, எழுத்தின் அகலம் மாறி வரிகள் கண்முன்னே குதித்தன. கடைசியில் உடல் எழுத்தைக் கைப்பேசியிலேயே உள்ள தமிழ் எழுத்துருவுக்கு விட்டுவிட்டு, அலங்காரத்தைத் தலைப்புகளோடு நிறுத்திக்கொண்டோம். வடிவமைப்பாளர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

மீதமிருப்பது பழைய கோப்புகள். டீச்சரின் கணினியில் யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் தட்டப்பட்ட ஒரு கோப்புறையே இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஒரு சொல்கூடத் தமிழாகத் தெரிவதில்லை. இதோ, இந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி ஒட்டியிருக்கிறேன். ஒற்றைக்கொம்பு இருக்க வேண்டிய சில இடங்களில் இரட்டைக்கொம்பு நிற்பதைப் பாருங்கள். டீச்சர் நாளை காலை இங்கே வந்து, சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு, இந்தக் கோப்பிலேயே திருத்தப் போகிறார்.