நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தில் ‘டொக்’ சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். வாகனம் திருத்துகிறவன் என்பதால் நான்கு சில்லும் இழுக்கும் வாகனங்களில் வரும் ‘டொக்’ சத்தத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கராஜுக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: கியர் போட்டால் அடியில் ‘டொக்’ என்கிறது, அக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் இன்னொரு ‘டொக்’.

2020 இல் நின்ற கார் இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் புது வாகனத்தின் விலை கைக்கு எட்டுவதில்லை. அதனால் பழைய ஹொண்டா சீஆர்வி, நிசான் எக்ஸ்ட்ரெயில், சுபாரு ஃபொரெஸ்டர் எல்லாம் கொழும்பு வீதிகளில் இன்னும் ஓடுகின்றன. நல்லாய்ப் பார்த்தால் இன்னும் கனகாலம் ஓடும். ஆனால் சத்தம் கேட்டவுடனே பலர் பஞ்சிகாவத்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்துவிடுகிறார்கள். முதலில் லிங்க் ரொட், அப்புறம் ஷொக் அப்சோபர், கடைசியில் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் முழுவதும். காசு போய்விடும், சத்தம் அப்படியே இருக்கும். இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற விஷயம்.

இந்தச் சத்தத்தில் காதை மட்டும் நம்பி இடம் தேடாதீர்கள். வாகனத்தின் நடுவில் விழும் அடி இரும்பு வழியே ஓடிப் பின் சீட்டுக்கு அடியில் கேட்கும். எந்த நேரத்தில் சத்தம் வருகிறது என்று கவனியுங்கள்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் வந்தால் அது பெரும்பாலும் சஸ்பென்ஷன். ஸ்டியரிங்கை முழுதாக வெட்டித் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்று அடுக்கடுக்காக வந்தால், முன் சில்லுப் பக்கத்து சீவி ஜாயின்ட், அதாவது திரும்பும்போதும் சில்லைச் சுழற்றும் மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கும், சில்லின் உட்பக்கமெல்லாம் கிறீஸ் தெறித்திருக்கும்.

டீ (முன்னோக்கி) கியரிலிருந்து ஆர் (பின்னோக்கி) கியருக்குப் போடும்போதும், அக்சிலரேட்டரை மிதித்து விடும்போதும் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் கதை வேறு. இஞ்சினையும் கியர் பெட்டியையும் தாங்கும் மவுண்ட், பின் டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ், இழுவையைப் பின்பக்கம் கொண்டு போகும் நீளத் தண்டான புரொப்பலர் ஷாஃப்ட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, அந்த ஷாஃப்டில் உள்ள மூட்டான யூ ஜாயின்டின் இரு பக்கத்தையும் இரண்டு கையாலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். ஜாயின்டில் கொஞ்சமும் ஆட்டம் இருக்கக் கூடாது. அதன் கிண்ணங்களைச் சுற்றித் துருநிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பெயாரிங் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். டிஃபரன்ஷியல் பக்கம் ஷாஃப்ட் கொஞ்சம் சுழன்று ஆடுவது இயல்புதான். அதைப் பார்த்து டிஃபரன்ஷியல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுக் கழற்ற விடாதீர்கள்.

ஷாஃப்டின் நடு பெயாரிங்கை அதிகம் பேர் பார்ப்பதே இல்லை. பெயாரிங்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. வத்தளையிலிருந்து வந்த ஒரு ஜீப்பில் அது பாதி வட்டத்துக்குக் கிழிந்து, விரல் உள்ளே போகும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் எழும்பித் தளத்தில் இடித்திருக்கிறது. அந்த வாகனத்துக்கு அதற்கு முன்பே நான்கு ஷொக்கும் புதிதாய்ப் போட்டிருந்தார்கள். ஷாஃப்டைக் கழற்றும் முன் அதைப் பூட்டும் இரண்டு ஃபிளாஞ்ச் தட்டிலும் பெயின்ட் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். மாற்றிப் பூட்டினால் பிறகு அதிர்வு வரும்.

வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் வெட்டித் திருப்பும்போது வாகனம் பிடித்திழுப்பது போலவோ உறுமுவது போலவோ இருந்தால் எண்ணெயையும் டயரையும் பாருங்கள். பழைய சீஆர்வி ஃபோர் வீலின் பின் டிஃபரன்ஷியலுக்கு ஹொண்டாவின் டுவல் பம்ப் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பல நேரம் அதை மாற்றினாலே உறுமல் நிற்கும். டயர்களின் சுற்றளவு கால் அங்குலத்துக்கு, அதாவது ஆறு மில்லிமீற்றர் சொச்சத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்பது சுபாருவின் கணக்கு. ஒரு டயர் மற்றதைவிட ஒரு மில்லிமீற்றர் தேய்ந்திருந்தாலே கிட்டத்தட்ட அந்த எல்லைக்கு வந்துவிடும். ஒரு டயரை மட்டும் புதிதாய்ப் போடுவது இந்த வாகனங்களுக்கு ஒத்துவராது.

பழைய ஓட்டோ கியர் சுபாரு பலவற்றில் பொனட்டுக்குள் எஃப்டபிள்யூடி (முன் சில்லு இழுவை) என்று எழுதிய ஒரு ஃபியூஸ் இடம் காலியாக இருக்கும். அதில் ஃபியூஸ் போட்டால் பின் சில்லுக்கு இழுவை போகாது. போட்டதும் பிடித்திழுப்பது நின்றால், அது பின்பக்கத்துக்குப் போகும் இழுவையோடு சம்பந்தப்பட்டது என்று தெரியும். சோதனைக்கு மட்டும்தான் இது. பார்த்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். இரண்டு சில்லை மட்டும் ஜக்கில் தூக்கி, இஞ்சினை ஓடவிட்டுக் கியர் போடவே வேண்டாம். தரையில் நிற்கும் சில்லுகளுக்கும் இழுவை போகும், வாகனம் ஜக்கைவிட்டுப் பாயும். அடியில் ஆள் இருந்தால் உயிர் போகும். ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டுமென்றால் நான்கு சில்லையும் தூக்கும் லிஃப்ட் உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள்.

கொலன்னாவ, வெல்லம்பிட்டிய பக்கம் வெள்ளத்தில் நின்ற வாகனம் என்றால், சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டிஃபரன்ஷியலின் காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அன்றே மாற்றுங்கள். அந்த வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டு போகும்போதும் இரண்டு சில்லு வீதியில் உருள இழுக்க விடாதீர்கள், கார் கெரியரில் ஏற்றச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.