மூன்று விண்மீன்களை வைத்து ஒரு கேலக்ஸியை எடை போட முடியுமா?

[திரையில்: டிராகோ பகுதியின் வானப் படம்]

இந்தப் படத்தில் கேலக்ஸி எங்கே என்று தேடுகிறீர்களா? ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் இந்தப் புள்ளிகளில் பலவும் சேர்ந்ததுதான் டிராகோ. பால்வீதியைச் சுற்றும் குட்டிக் கேலக்ஸி. தொலைவு சுமார் இரண்டரை லட்சம் ஒளியாண்டு.

1983இல் வானியலாளர் மார்க் ஆரன்சன் இதிலுள்ள மூன்றே மூன்று கார்பன் விண்மீன்களின் (மேற்பரப்பில் கார்பன் மிகுந்த விண்மீன்கள்) வேகத்தை அளந்தார். வேகங்கள் ஒன்றுக்கொன்று நிறையவே வேறுபட்டன. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் இவ்வளவு வித்தியாசம் வராது. உள்ளே கரும்பொருள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள், இருக்க வேண்டும் என்றார். மூன்றை வைத்து இப்படிச் சொல்வது துணிச்சல்தான். ஆனால் பின்னால் நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளந்தபோதும் அவர் சொன்னதே நின்றது.

[திரையில்: நிறமாலைக் கோடுகள் இடம் நகர்கின்றன]

சரி, வேகத்தை எப்படி அளக்கிறார்கள்? விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கருங்கோடுகள் தெரியும். நம்மை நோக்கி வரும் விண்மீனில் அவை நீலப் பக்கம் நகரும், விலகிப் போவதில் சிவப்புப் பக்கம். டிராகோவில் வேகங்கள் சராசரியைச் சுற்றி வினாடிக்கு 9 கிலோமீட்டர் அளவுக்குச் சிதறுகின்றன. நிறை இந்தச் சிதறலின் வர்க்கத்தைப் பொறுத்தது. சிதறலை இரு மடங்காகத் தப்பாக எடுத்தால், நிறை நான்கு மடங்காகிவிடும்!

அதில்தான் வம்பே. இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதால் அவற்றின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். அது கரும்பொருளின் வேலை போலவே தெரியும். டிரையாங்குலம் 2 என்ற இன்னொரு குட்டிக் கேலக்ஸியில் 2015இல் ஆறு விண்மீன்களை அளந்து, சிதறல் வினாடிக்கு 5 கிலோமீட்டர் என்றார்கள். அப்புறம் திரும்ப அளந்தால், அதில் ஒன்று இரட்டை. 2017இல் மிஞ்சியது, சிதறல் வினாடிக்கு 3.4 கிலோமீட்டருக்கு மேல் இருக்காது என்ற மேல்வரம்பு மட்டும்தான். ஒரே விண்மீனை வருடக்கணக்கில் விடாமல் பார்ப்பது இதற்காகத்தான்.

[திரையில்: ஹபிள் தொலைநோக்கி]

இன்னொரு குறை: நிறமாலை காட்டுவது நம்மை நோக்கிய, விலகிய வேகம் மட்டுமே. பக்கவாட்டு நகர்வு தெரியாவிட்டால், மையத்தில் கரும்பொருள் எவ்வளவு அடர்த்தி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. டிராகோவுக்கு அந்த நகர்வை ஹபிள் 18 ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களிலிருந்து கணக்கிட்டார்கள். முடிவு 2024இல் வந்தது: மையத்தை நெருங்க நெருங்க கரும்பொருள் அடர்ந்துகொண்டே போகிறது என்ற கணிப்போடு அது ஒத்துப்போகிறது.